பணமுடிப்பும் பந்தல் செலவும்

திருப்பூரில் தர்ம ஸ்தாபனங்களுக்குக் குறைவில்லை. உலகமெங்கும் கிளை விட்டிருக்கும் சேவா சங்கங்களின் உள்ளூர்க் கிளைகள், பேட்டைக்கொன்றாக ஏற்பட்ட அறக்கட்டளைகள், இரத்ததானக் குழுக்கள், அன்னதானச் சபைகள் என்று ஜாபிதா போடத் தொடங்கினால் இப்பத்தி போதாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதேனும் ஒரு மண்டபத்தில் ஏதேனும் ஒரு கிளையின் நிதி திரட்டும் வைபவம் நடக்கிறது. ஒரு வாரம் இன்னிசை இரவு. மறு வாரம் விடியற்காலை ஓட்டப் பந்தயம். அதற்கடுத்த வாரம் குடும்ப விருந்தும் குலுக்கல் பரிசும். அழைப்பிதழ்கள் வழுவழுப்பான காகிதத்தில் வருகின்றன. மறுநாள் படங்கள் வருகின்றன. பொன்னாடை போர்த்தியவர் யார், போர்த்தப்பெற்றவர் யார், குத்துவிளக்கேற்றியவர் யார் என்பதெல்லாம் அப்படங்களால் நன்கு விளங்குகிறது. விளங்காதது ஒன்றே. அன்று வசூலான தொகை எவ்வளவு? மண்டபத்துக்கும் மேளத்துக்கும் விருந்துக்கும் போனது போக, எந்த நோயாளியின் பேரால், எந்த மாணவனின் பேரால் பணம் கேட்கப்பட்டதோ, அவனுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?

இக்கேள்வியைக் கேட்பதே தர்ம விரோதம் என்று சில நண்பர்கள் கருதுகிறார்கள். கொடுக்க நீட்டிய கையைத் தட்டிவிடலாமா என்கிறார்கள். கொடுப்பவன் கையை நாம் தட்டவில்லை. வாங்குபவன் கையைத் திறந்து காட்டும்படி கேட்கிறோம். பொதுப் பணத்தைக் கேட்டு வாங்கியவர் பொதுஜனங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். பத்து ரூபாய்க்குக் காய்கறி வாங்கிவரும் பிள்ளையிடம் மீதியைக் கேட்கும் தகப்பனார், பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்த சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

இவ்வூராரின் ஈகையைப் பற்றி நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. 2024-25-ம் ஆண்டில் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அதே ஊர் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், 2020-ல் ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 சதவிகித வரி விதித்தபோதும் அடிபட்டுத் தத்தளித்தது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் கொடுக்கும் வழக்கத்தை இவ்வூர் விட்டதில்லை. 2015-ல் ஒரு லட்சம் மரக்கன்றுகள் நடுவதென்று தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் அந்த இலக்கைக் கடந்து பல லட்சம் மரங்களாகப் பெருகியிருக்கிறது. நொய்யலைச் சாயத்தால் கெடுத்தார்கள் என்ற பழியைச் சுமந்த ஊரார், தாமாக முன்வந்து மரம் வளர்த்தது போற்றத்தக்க காரியமே. அக்காரியத்தில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. மரம் வெட்டவெளியில் நிற்கிறது. வேண்டுபவர் போய் எண்ணிக்கொள்ளலாம். இன்னிசை இரவின் வசூலை அவ்வாறு எண்ணிப் பார்க்க இயலாது.

சேவா சங்கங்கள் பல அந்நிய நாட்டில் பிறந்தவை என்பதற்காக அவற்றைத் தள்ளுவதும் நமது நோக்கமன்று. ரோட்டரி 1905-லும் லயன்ஸ் 1917-லும் சிகாகோ நகரத்தில் தோன்றியவை. இளம்பிள்ளை வாதத்தை உலகத்திலிருந்து ஒழிக்க வேண்டுமென்று ரோட்டரி 1985-ல் தொடங்கிய முயற்சியின் பயனை நம் குழந்தைகள் அனுபவித்திருக்கிறார்கள். இயற்கையில் பரவும் போலியோக் கிருமியால் இந்தியாவில் நோய் கண்டது 2011 ஜனவரியோடு நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு அத்தாட்சி அளித்தது. நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் நிதி திரட்டும் முறையைச் சிகாகோவிடம் கற்க வேண்டிய தரித்திரம் திருப்பூருக்கு ஏற்படவில்லை. இவ்வூர் மண்ணிலேயே ஒரு கிளைச் சங்கம் இருந்தது. அதன் கதையை இன்றைய காரியதரிசிகளும் பொக்கிஷதாரர்களும் ஒருமுறை நினைவுகூர்வது நலம்.

1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் ஸ்தாபிதமாயிற்று. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்தது. அதற்கு முன்பே, காங்கிரஸின் கதர் போர்டு நாட்களில், ஈ. வெ. ராமசாமி நாயக்கர் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தமிழ்நாட்டுத் தெருக்களில் விற்றிருக்கிறார். சர்க்கா சங்கக் கிளையின் வேலை பேச்சும் பாட்டும் அன்று. பஞ்சு கொடுத்து நூல் வாங்குவதும், நூல் கொடுத்துத் துணி வாங்குவதும், துணியை விற்று நூற்றவளுக்கும் நெய்தவனுக்கும் கூலி கொடுப்பதும் அதன் வேலை. கிழவிகள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் சிட்டங்களை எண்ணி, எடை பார்த்து, காசு கொடுத்து, கணக்கில் பதிந்தாக வேண்டும். அணாப் பைசா பிசகினால் மறுநாள் கிழவி வாசலில் நிற்பாள். அத்தகைய கணக்கில் பழகிய கிளை அது.

அச்சங்கத்தில் அங்கத்தினராவதற்கு விதித்த சந்தாவைக் கேளுங்கள். முதல் வகுப்பு அங்கத்தினர் மாதந்தோறும் தம் கையால் நூற்ற நூல் 1,000 கஜம் செலுத்த வேண்டும். இரண்டாம் வகுப்பினர் வருஷத்துக்கு 2,000 கஜம். இரு வகுப்பினரும் 18 வயது நிரம்பியவராயும் வழக்கமாகக் கதர் உடுத்துபவராயும் இருக்க வேண்டும். மில் முதலாளியானாலும் சரி, குடியானவனானாலும் சரி, கஜக்கோல் ஒன்றே. ஆயிரம் கஜத்தைக் கூலிக்கு ஆள் வைத்து நூற்கச் செய்து அனுப்ப விதி இடங்கொடுக்கவில்லை. பணம் கொடுக்க விரும்பியவருக்கும் இடமிருந்தது. ஆண்டுக்கு 12 ரூபாய் முன்பணமாகச் செலுத்தியவர் சகாய அங்கத்தினராகச் சேர்ந்தார். சங்கத்தின் கணக்கறிக்கையையும் ஐந்தொகையையும் இலவசமாகப் பெறும் பாத்தியதை அவருக்கு விதியிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. இன்று ஒரு கிளைச் சங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் பெரியவர்களுள் எத்தனை பேர் அச்சங்கத்தின் ஐந்தொகையைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும்.

1927-ல் மகாத்மா கதர் நிதிக்காகத் தமிழ்நாடு முழுதும் சுற்றிவந்தார்; திருப்பூருக்கும் வந்தார். 1934-ல் ஹரிஜன நிதிக்காக மறுபடியும் வந்தார். அவருடைய கூட்டங்கள் இன்றைய பாஷையில் சொன்னால் நிதி திரட்டும் விழாக்களே. பணமுடிப்பு அளிப்பார்கள், வரவேற்புப் பத்திரம் வாசிப்பார்கள். அவரோ அப்பத்திரத்தையும் அது வைத்திருந்த பேழையையும் மேடையிலேயே ஏலம் கூறுவார். ஏலத்தில் வந்தது நிதியில் சேரும். தம் கையெழுத்தை விரும்பியவரிடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தால், புதிய நகை செய்துகொள்ளலாகாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். பந்தல் அலங்காரத்துக்கும் ஆடம்பர வரவேற்புக்கும் ஏழைகளின் பணத்தைச் செலவிட்ட கமிட்டிகள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டன. செட்டிநாட்டு மாளிகைகளில் குவிந்திருந்த அந்நிய நாட்டு மேஜை நாற்காலிகளைக் கண்டு, அவ்வீடுகளை அலங்கரிக்கும் காண்டிராக்டைத் தம்மிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் முடித்துத் தருவதாக அவர் வேடிக்கையாகக் கூறியது பிரசித்தம். விருந்தளித்தவரிடமே இதைச் சொல்லும் துணிவு அவருக்கிருந்தது. நம் பிரதம விருந்தினர்களுக்கு மேடையிலிருக்கும் பூச்செண்டின் விலையைக் கேட்கும் துணிவுகூட இல்லை.

வசூலுக்குப் பின் நடந்ததுதான் முக்கியம். ஹரிஜன யாத்திரையில் ஊர்தோறும் திரண்ட தொகைகள் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் பிரசுரமாயின. 12,500 மைல் பிரயாணத்தில் திரண்டது ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய். கணக்கில் அவருக்கிருந்த கண்டிப்பு அன்று தோன்றியதன்று. தென்னாப்பிரிக்காவில் வாலிப வக்கீலாயிருந்தபோது நேட்டால் இந்தியக் காங்கிரஸின் வரவுக்கெல்லாம் ரசீது கொடுத்ததையும், 1894-ம் வருஷத்துக் கணக்கு இன்றும் பழுதின்றிக் கிடைக்கக்கூடும் என்பதையும் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்நூலில் அவர் கூறும் மற்றொரு கருத்து நம் கிளைகளுக்குக் கசப்பாக இருக்கும். பொது ஸ்தாபனம் ஆண்டுதோறும் ஜனங்கள் கொடுக்கும் சந்தாவைக் கொண்டே நடக்க வேண்டும். நிரந்தர நிதி சேர்த்து வைத்துக்கொண்டால் அது ஜனங்களின் அபிப்பிராயத்தை மதிக்காது என்பது அவருடைய அனுபவம். கிளைக்கென்று சொந்த மண்டபம், மண்டபத்துக்கென்று வாடகை, வாடகைக்கென்று வங்கி டிபாசிட் என்று வளர்ந்துவிட்ட சங்கங்களைக் காணும்போது அவ்வனுபவத்தின் உண்மை விளங்குகிறது.

ஒரிஸ்ஸாவில் சர்க்கா சங்கத்துக்காக நடந்த கூட்டமொன்றில் கூன் விழுந்த கிழவி ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு செப்புக் காசை மகாத்மாவின் காலடியில் வைத்தாளாம். சங்கத்தின் பொக்கிஷதாரர் ஜம்னாலால் பஜாஜ் அதைக் கணக்கில் சேர்க்கக் கேட்டபோது மகாத்மா கொடுக்க மறுத்தார் என்று அக்கதை வழங்கிவருகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய்க்குச் செக்குகளை நம்பிக் கொடுத்தவர் ஒரு காசுக்கு நம்பவில்லையா என்று பஜாஜ் சிரித்தாராம். கோடீசுவரன் கொடுப்பது அவன் செல்வத்தில் ஒரு துளி. அவள் கொடுத்தது அவளிடமிருந்த முழுவதும் என்பது அவர் பதிலின் சாரம். அதே ஒடிசாவிலிருந்து இன்று வாலிபர்களும் பெண்களும் ரயிலேறித் திருப்பூருக்கு வந்து பவர் டேபிளில் உட்காருகிறார்கள். அக்கிழவியின் பேரப்பிள்ளைகள் என்றே அவர்களை நாம் எண்ணலாம். இவ்வூரின் தர்ம விழா எதற்கேனும் அவர்களிடம் ஒரு ரூபாய் கேட்கப்பட்டதுண்டா? நன்கொடைப் பட்டியலில் அவர்கள் பேர் அச்சானதுண்டா?

இதுதான் நாம் சொல்லவந்த குறையின் மூலம். நம் கிளைகள் நூறு பேரிடம் பெருந்தொகை கேட்கப் பழகியிருக்கின்றன. லட்சம் பேரிடம் சிறுதொகை கேட்கக் கூசுகின்றன. பெருந்தொகை கொடுப்பவருக்கு மேடை வேண்டும், மாலை வேண்டும், படம் வேண்டும். ஆகவே பந்தல் பெரிதாகிறது. பந்தல் பெரிதானதும் அதன் செலவுக்கே மற்றொரு கொடையாளரைத் தேட வேண்டியிருக்கிறது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை நடந்த விதம் வேறு. வீட்டுக்கு வீடு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். அப்பிடியரிசியை விற்றுப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜ் படித்தது அப்பள்ளியில்தான். பிடியரிசி போட்ட வீட்டுக்காரி ஒவ்வொருத்தியும் அப்பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரி. அங்கே வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்று கேட்க அவளுக்கு உரிமையிருந்தது. அவள் கேட்கவும் கேட்பாள்.

“கேளிக்கை இல்லாவிட்டால் பணக்காரர் கொடுக்கமாட்டார், நீங்கள் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது” என்று காரியதரிசிகள் ஆக்ஷேபிப்பார்கள் என்பதை அறிவோம். கேளிக்கையை நாம் வெறுக்கவில்லை. கஸ்தூரிபா ஞாபகார்த்த நிதிக்காக 1944-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி ஐந்து கச்சேரிகள் செய்தார். பாடியவர் பாட்டை நிதிக்குக் கொடுத்தார். கேட்டவர் பணத்தை நிதிக்குக் கொடுத்தார். அந்த நிதிக்கு 75 லட்சம் எதிர்பார்த்த இடத்தில் கோடிக்கு மேல் சேர்ந்தது. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டுமென்று ‘கல்கி’ பத்திரிகை வேண்டுகோள் விடுத்தபோது சாமானிய வாசகர்கள் சிறுசிறு தொகைகளாக அனுப்பினார்கள். 1945 ஜூனில் அஸ்திவாரமிட்ட மண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. பணம் எங்கே என்று கேட்டவனுக்கு மண்டபத்தைக் காட்ட முடிந்தது. ஆகவே பாட்டும் இருக்கட்டும், ஓட்டமும் இருக்கட்டும். பாடகருக்குக் கொடுத்த தொகையையும் ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்த தொகையையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி ஒரு சிறு வார்த்தை. பனியன் தைக்கும் ஊரில் ஓடுகிறவர்களுக்கெல்லாம் பனியன் கொடுப்பது பொருத்தமே. ஆனால் உலகத்துக்கே துணி உடுத்தும் இவ்வூரில், வரவேற்புப் பதாகைகள் மட்டும் பிளாஸ்டிக்கில் அச்சாகித் தெருவுக்குத் தெரு தொங்குவது எந்த நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை. வெட்டியெறியும் துணியைத் தைத்தாலே போதுமானது; காதர்பேட்டையில் அதற்கா பஞ்சம்?

பதாகையைவிடப் பெரிய குற்றம் ஒன்று மேடைமீதே நடக்கிறது. உதவி பெறுகிறவரை மேடையேற்றும் வழக்கத்தைச் சொல்கிறோம். சக்கர நாற்காலி வேண்டியவர், தையல் இயந்திரம் வேண்டிய விதவை, கல்லூரிச் சம்பளம் வேண்டிய மாணவன் ஆகியோர் காலை ஒன்பது மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். பிரதம விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வருவார். அதன்பின் வரவேற்புரை, ஆண்டறிக்கை, புதிய நிர்வாகிகளின் பதவியேற்பு. பசித்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவ்விதவை காத்திருப்பாள். கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அதன் மறுபக்கத்தில் நின்று படமெடுக்கப்பட வேண்டும். அவள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் மறுநாள் அப்படத்தை எல்லாரும் பார்ப்பார்கள். கொடுத்தவர்கள் எண்மருக்கும் பெருமை. வாங்கியவள் ஒருத்திக்கு வாழ்நாள் முழுவதும் தலைகுனிவு. வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்ற பழமொழியை மேடையில் சொல்லிக்கொண்டே இதைச் செய்கிறார்கள்.

அந்தப் பெண் பெரும்பாலும் இவ்வூர்க் கம்பெனிகளிலேயே செக்கிங்கிலோ கைமடியிலோ வேலை பார்த்தவளாயிருப்பாள். அவளுக்குத் தையல் இயந்திரம் ஏன் தேவைப்பட்டது என்று விசாரித்தால் கதை வேறு இடத்துக்குப் போகும். பீஸ் ரேட்டில் உழைத்தவளுக்கு வேலையில்லாத வாரத்தில் கூலியில்லை. காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவள் பேர் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறாதபோது, சேமநிதியும் ஈ.எஸ்.ஐ. வைத்தியமும் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும். இவ்வட்டாரத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர்பெற்ற ஏற்பாட்டை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை, அது கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி இளம் பெண்களைச் சேர்த்தார்கள். நடுவில் நோயுற்று வெளியேறிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்த செய்தி பல விசாரணைகளில் வெளிவந்தது. அத்தகைய பெண்ணொருத்திக்குப் பிற்காலத்தில் ஒரு மேடையில் தாலிக்குத் தங்கம் கொடுத்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? வரவா, செலவா, பழைய பாக்கியா? கூலி பாக்கியைத் தீர்க்காமல் தர்மம் செய்கிறவர் கடன்காரரேயன்றிக் கொடையாளர் ஆகார். எல்லா முதலாளிகளும் இப்படியென்று நாம் சொல்லவில்லை. தம் தொழிலாளருக்குச் சட்டம் சொன்னதற்கு மேலாகச் செய்து, வெளியே ஒரு விழாவுக்கும் போகாமல் இருப்பவர்கள் இவ்வூரில் உண்டு. அவர்கள் படம் பத்திரிகையில் வருவதில்லை.

சர்க்காரும் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்பது 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அச்செலவில் கம்பெனியின் நிர்வாகச் செலவு 5 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்றும் விதியுண்டு. லாபத்துக்காக நடக்கும் கம்பெனிக்கு ஐந்து சதவிகிதம் என்று கோடு கிழித்திருக்கும்போது, தர்மத்துக்காக நடக்கும் சங்கம் தனக்குத்தானே ஒரு கோடு கிழித்துக்கொள்ள ஏன் தயங்க வேண்டும்? பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்கின்றனவே என்பார்கள். பதிவாளர் ஆபீஸ் பீரோவில் தூங்கும் காகிதத்தால் நன்கொடை கொடுத்த காங்கயத்துக் குடியானவனுக்கு என்ன பிரயோஜனம்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. விழாச் செலவை நிர்வாகிகள் தங்களுக்குள் பங்கிட்டுத் தங்கள் பையிலிருந்து கொடுக்கட்டும். சீட்டு விற்ற பணத்திலும் நன்கொடையிலும் ஒரு பைசா பந்தலுக்குப் போகலாகாது. அப்படிச் செய்தால் பந்தல் தானே சிறிதாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. தலைமை ஸ்தாபனத்துக்கு அனுப்பிய பங்கு எவ்வளவு, உள்ளூரில் செலவானது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஒரு பக்கக் கணக்கை, விழா நடந்த முப்பது நாட்களுக்குள், விழா நடந்த மண்டபத்தின் வாசலிலேயே ஒட்டட்டும். தமிழில் ஒட்டட்டும், ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டினால் இன்னும் விசேஷம். உதவி பெறுவோரின் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வரட்டும், படம் வேண்டாம்.

மற்றொன்று, இதுவே சற்றுக் கடினமானது. ஒவ்வொரு கிளையின் நிர்வாக சபையிலும் டெய்லர்களும் கட்டிங் மாஸ்டர்களும் செக்கிங் பெண்களும் இடம்பெற வேண்டும். அவர்கள் சந்தா மாதம் ஐந்து ரூபாயாயிருந்தாலும் போதும். அன்றி, சர்க்கா சங்கத்தின் நூற்சந்தாவைப் போல, மாதத்தில் ஒருநாள் இரண்டு மணி நேர உழைப்பைச் சந்தாவாகக் கொடுக்கட்டும். முதலாளியும் அதையே கொடுக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருக்கவும், வெளிமாநிலத்தார் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரவும் ஆள் வேண்டியிருக்கிறதே! தொழிலாளருக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அத்தனை நாளும் காசில்லாமல் குடும்பம் நடத்தியவர்களுக்கா கணக்குத் தெரியாது?

வெளியூரார் எப்படி நம் சங்கத்தில் நிர்வாகியாவது என்றும் சிலர் முணுமுணுக்கலாம். திருப்பூரின் தேசிய இயக்கத்தைத் தாங்கிய தூண்களுள் ஒருவரான பி. டி. ஆஷர் குஜராத்தி வியாபாரி. அவரும் அவர் மனைவி பத்மாவதியும் இவ்வூரார் பொருட்டுச் சிறை சென்றவர்கள். 1932 ஜனவரி 10-ந் தேதி குமரன் அடிபட்டு வீழ்ந்த ஊர்வலத்தில் ஏந்திச் சென்ற கொடியும் ஒரு மாகாணத்தின் கொடியன்று.

வருகிற அக்டோபர் 2-ந் தேதியை ஒட்டி இவ்வட்டாரத்துக் கிளைச் சங்கங்கள் பலவும் நிதி திரட்டும் விழாக்களை நடத்தும் என்று எதிர்பார்க்கிறோம். அவ்விழாக்களில் வரவு எவ்வளவு, பந்தல் செலவு எவ்வளவு, உதவியாகச் சென்றது எவ்வளவு என்ற மூன்று வரிகளைத் தணிக்கையாளர் கையொப்பத்துடன் அனுப்பும் எந்தச் சங்கத்துக்கும், அது அவிநாசியிலிருந்தாலும் பல்லடத்திலிருந்தாலும் ஊத்துக்குளியிலிருந்தாலும், இப்பக்கத்தில் கட்டணமின்றி இடமளிக்கச் சித்தமாயிருக்கிறோம். பொன்னாடைப் படங்களை அனுப்ப வேண்டியதில்லை.